‘க்’ வருமா, வராதா?

தகப்பனார் இறந்த செய்தியை ஒருவர் முகநூலில் போட்டிருந்தார். நான்கே வரி. “அப்பா இன்று அதிகாலை இயற்க்கை எய்தினார்” என்று தொடங்கி, ஊரையும் எடுக்கும் நேரத்தையும் சொல்லி முடித்திருந்தார். முதலில் வந்த மறுமொழி ஒரே சொல்: “இயற்கை”. சாவு வீட்டில் வந்து எழுத்துக்கூட்டவா சொல்லித்தருவது என்று அடுத்தவர் அவரைக் கண்டித்தார். கண்டித்தவரின் வாக்கியத்தில் ஓர் ஒற்று விட்டுப்போயிருந்ததை மூன்றாமவர் சுட்டினார். ‘இரங்கல்கள்’ என்று பன்மை உண்டா என்று ஒருவர் கேட்க, ‘அஞ்சலிகள்’ மட்டும் எப்படி உண்டு என்று இன்னொருவர் கேட்க, மாலைக்குள் அறுபது எழுபது மறுமொழிகள் சேர்ந்துவிட்டன. பிற்பகல் மூன்று மணிக்கு எடுப்பதாக அவர் எழுதியிருந்தார். மூன்று மணிக்கும் சண்டை நடந்துகொண்டுதான் இருந்தது.

இதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிற சௌகரியம் எனக்கில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் புரூஃப் பார்த்துப் பிழைத்தவன். ‘இயற்க்கை’யைக் கண்டதும் என் கையும் சிவப்பு மையைத்தான் தேடியது. முதலில் திருத்தியவர் சொன்னதில் தவறே இல்லை. தமிழ்ச் சொல்லில் ட், ற் என்னும் இரண்டையும் அடுத்து, புள்ளி வைத்த இன்னோர் எழுத்து வராது. ய், ர், ழ் மூன்றையும் அடுத்து வரலாம்: வாய்ப்பு, பார்த்தான், வாழ்த்து. ற் வந்தால் வராது: முயற்சி, பயிற்சி, கற்பனை, இயற்கை. விதிவிலக்குக்கு இடமில்லாத விதிகள் நம் மொழியில் குறைவு. இது அவற்றில் ஒன்று. ஐந்தாம் வகுப்பில் ஒரு நாள் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தால் ஆயுசுக்கும் மறக்காது.

ஆக, திருத்தம் சரிதான். ஆனால் திருத்தத்துக்கு ஒரு விலை உண்டு என்பதை எனக்குச் சொல்லித்தந்தவர் ஒரு கம்பாசிட்டர்.

எண்பதுகளின் கடைசி அது. கையால் அச்சுக் கோத்த காலத்தின் கடைசியும்கூட. ஈய எழுத்தை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்குவார்; வரி நிறைந்ததும் தட்டில் இறக்கிவைப்பார். வரியின் இரு பக்கமும் இறுக்கிக் கட்டியிருக்கும். நான் புரூஃபில் ஒரு ‘க்’ சேர்த்தால் அந்த வரியின் கடைசிச் சொல் அடுத்த வரிக்குப் போகும். அது அதற்கடுத்த வரியைத் தள்ளும். சில நேரம் பத்தி முடியும்வரை பிரித்துக் கோக்க வேண்டிவரும். ஒருநாள் ஒரு தலபுராண வசனப் புத்தகத்தில், ஒரே பக்கத்தில் இருபது ஒற்றுகளைச் சேர்த்து நீட்டினேன். மனிதர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சார், இந்த ‘க்’ இல்லேன்னா அர்த்தம் மாறுமா?” என்றார்.

எனக்குக் கோபம். அவருக்குப் பாடம் நடத்துவதாக நினைத்து ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தேன். ஓரிடத்தில் நிச்சயம் மாறியது. சூரபத்மனை வெல்ல அன்னை முருகனிடம் ஆயுதம் தரும் இடம். மூலப்படியில் “வேலை கொடுத்தாள்” என்றிருந்தது. ‘க்’ இல்லாவிட்டால் அன்னை மகனுக்கு உத்தியோகம் போட்டுக்கொடுத்ததாக ஆகும். இன்னோரிடத்திலும் மாறியது, ஆனால் குற்றம் என்னுடையது. “ஜமீன்தார் தந்த பல்லக்கு” என்று சரியாக இருந்ததில் நான் ஒரு ‘ப்’ சேர்த்து, மரப்பல்லக்கை யானைத் தந்தத்தால் செய்துவைத்திருந்தேன். மற்ற பதினெட்டில் அர்த்தம் மாறவில்லை. அவற்றையும் அவர் போட்டுக்கொடுத்தார், அது அவருடைய தொழில் மரியாதை. ஆனால் அன்றிலிருந்து அவருடைய கேள்வியை எனக்குள் கேட்டுக்கொள்ளாமல் நான் ஓர் ஒற்றும் சேர்த்ததில்லை.

எழுத்துக்கு எண்ணிக் கூலி வாங்கியவர்களுக்குப் புள்ளியின் எடை தெரியும். 1905 செப்டம்பரில் மாஸ்கோவின் சிதின் அச்சகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வேலை நேரத்தைக் குறைக்க வேண்டும்; ஆயிரம் எழுத்துக்கு இவ்வளவு என்று கொடுக்கும் கூலியை உயர்த்துவதோடு, நிறுத்தக்குறிகளையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது கோரிக்கை. கால்புள்ளியைக் கோப்பதற்கும் கை வேலைதானே செய்கிறது? அந்த வேலைநிறுத்தம் மற்ற அச்சகங்களுக்கும் ஊர்களுக்கும் பரவி, அக்டோபரில் ரஷ்யா முழுக்க நடந்த பொது வேலைநிறுத்தத்தில் போய்ச் சேர்ந்தது. நிறுத்தக்குறிக்காக நடந்த சண்டைகளில் இதைவிடப் பெரியதை நான் அறியேன். அதில் அற்பம் எதுவும் இல்லை.

இன்று ஒரு ‘க்’ சேர்க்கச் சொல்வதற்குச் செலவு ஏதும் இல்லை. சொல்பவர் கட்டைவிரலை இரண்டு முறை அசைத்தால் போதும். விலையே இல்லாத இடத்தில் “அர்த்தம் மாறுமா” என்று யாரும் கேட்பதில்லை.

இந்தச் சண்டைகளில் தலையாயது ‘வாழ்த்துகளா, வாழ்த்துக்களா’ என்பது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தவறாமல் வரும். ‘வாழ்த்துகள்’ கட்சியின் வாதம் இது: வாழ்த்து என்பது பெயர், கள் என்பது பன்மை விகுதி, தனிச்சொல் அல்ல, இரண்டு சொற்கள் புணரும் விதியைக் கொண்டுவந்து இங்கே ‘க்’ போடக் கூடாது. எதிர்க்கட்சி சொல்வது: வாழ்த்து, எழுத்து, பாட்டு போன்றவை வன்தொடர்க் குற்றியலுகரம், அவற்றின் பின் வல்லினம் வந்தால் மிகும். எழுத்துப்பிழை, பாட்டுக்கச்சேரி என்று எழுதுகிறோமே, எழுத்துக்கள் மட்டும் என்ன பாவம் செய்தது? 19ஆம் நூற்றாண்டின் இலக்கண உரைநடையில் ‘எழுத்துக்கள்’ தாராளமாகப் புழங்கியிருக்கிறது. அதை எழுதியவர்கள் இலக்கணம் அறியாதவர்கள் அல்லர்.

இரு பக்கமும் நியாயம் இருக்கிற இந்த வழக்கில் எப்போதும் ஒருவர் கள்ளுக் குடத்தோடு நுழைவார். ‘வாழ்த்துக்கள்’ என்றால் வாழ்த்தாகிய கள், குடிக்கிற கள் என்று பொருளாகிவிடுமாம். ‘நாட்கள்’ என்று எழுதினால் நாள்பட்ட கள்ளாம். கேட்கச் சுவைதான். ஆனால் பூக்கள், ஈக்கள், பசுக்கள், தெருக்கள் எல்லாவற்றிலும் ‘க்’ மிகுந்துதான் வருகிறது. தெருக்களில் நடந்து எவரும் போதை ஏறி விழுந்ததில்லை. பன்மை விகுதிக்கு முன் வல்லினம் மிகவே மிகாது என்றால் பசுக்களை என்ன செய்வது? குற்றியலுகரத்தில் மட்டும் மிகாது, முற்றியலுகரத்தில் மிகும் என்று நுணுக்கமாகப் பதில் சொல்பவர்கள் உண்டு. அவர்களோடு உட்கார்ந்து பேசலாம். கள்ளுக்குடக்காரரோடு பேச ஒன்றுமில்லை.

நான் ‘வாழ்த்துகள்’ என்றே எழுதுபவன். நான் பழகிய முதல் ஆசிரியர் அப்படி எழுதினார், அவ்வளவுதான் காரணம்.

இந்தக் ‘கள்’ளுக்குள்ளேயே ஒரு பழைய கதை இருக்கிறது. தொல்காப்பியம் கள் விகுதியை அஃறிணைப் பெயர்களுக்குத்தான் சொல்கிறது. மரங்கள், யானைகள் சரி. மக்களுக்கு அர், ஆர், மார் போன்றவை இருந்தன. அவர் என்பதே பன்மை. அதன்மேல் இன்னொரு பன்மையாகக் கள்ளை ஏற்றி ‘அவர்கள்’ என்பது தொல்காப்பியரின் காதில் விழுந்திருந்தால் முகம் சுளித்திருப்பார். ஆனால் திருக்குறளிலேயே அது வந்துவிட்டது. 263ஆம் குறளில் ‘மற்றையவர்கள்’, 919ஆம் குறளில் ‘பூரியர்கள்’. விகுதிமேல் விகுதி என்று உரைகாரர்கள் இதற்குப் பெயர் வைத்தார்கள். பவணந்தி முனிவர் நன்னூல் செய்த 13ஆம் நூற்றாண்டுக்குள் அது இலக்கணத்துக்குள்ளேயே இடம் பிடித்துவிட்டது. இன்று ‘அவர்கள்’ மரியாதைச் சொல். ஒரே ஒரு தலைவரை மேடைக்கு அழைக்கும்போதும் ‘அவர்கள்’ என்றுதான் அழைக்கிறோம். ‘வாழ்த்துக்கள்’ என்று எழுதியவரைப் பார்த்து “இவர்களெல்லாம் தமிழர்களா” என்று கேட்பவர், அந்த ஒரு வாக்கியத்திலேயே தொல்காப்பியத்தை இருமுறை மீறிவிடுகிறார்.

‘க்’கை ஏன் இவ்வளவு பேர் விடாமல் எழுதுகிறார்கள்? காதால்தான் என்று நினைக்கிறேன். தமிழில் ஒரே ‘க’ பல ஒலிகளுக்கு உதவுகிறது. கல் என்பதில் வன்மையாக, தங்கம் என்பதில் மென்மையாக, பகல் என்பதில் கிட்டத்தட்ட மூச்சாக. வன்மையாகத்தான் ஒலிக்க வேண்டும் என்று எழுத்தில் காட்ட நம்மிடம் உள்ள வழி ஒற்றை இரட்டிப்பது. பகல், பக்கல் இரண்டையும் சொல்லிப் பாருங்கள். வாய் நிறைய ‘வாழ்த்துக்கள்’ என்று அழுத்திச் சொல்கிற ஒருவர் தான் சொல்வதை அப்படியே எழுதுகிறார். வல்லினம் மிகுவதும் அடிப்படையில் இப்படிக் காதில் விழுந்த ஒன்றுதான். கேட்ட ஒலியை இலக்கணம் விதியாக எழுதிவைத்தது. இப்போது ஒலியை விட்டுவிட்டு விதியை மட்டும் கையில் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

கறுப்பு, கருப்பு வழக்கும் இப்படித்தான். தொல்காப்பியம் உரியியலில் கறுப்பு என்ற சொல்லைச் சினத்துக்கும் நிறத்துக்கும் சொல்கிறது. வல்லின ‘று’ கட்சிக்கு அது போதும். ஆனால் கருமை, கரிய, கருங்கல் எல்லாம் இடையின ‘ர’தான். இரண்டு வேர்களும் மொழியில் வாழ்கின்றன. இயக்குநர், இயக்குனர் வழக்கில் ‘நர்’ பக்கம்தான் வலு அதிகம். அனுப்புநர், பெறுநர் என்று பள்ளியிலேயே எழுதிப் பழகினோம். திரைப்படத் தலைப்பு அட்டைகளில் இரண்டும் வந்திருக்கின்றன. படம் ஓடியதற்கும் ஓடாததற்கும் அது காரணமாக இருந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ரொறன்ரோவா டொராண்டோவா என்று யாழ்ப்பாணத்துக்காரரும் மதுரைக்காரரும் மோதிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். ட, ர, ற மூன்றும் சொல்லுக்கு முதலில் வராதவை. பழைய இலக்கணப்படி பார்த்தால் இரண்டு பேரும் அந்த ஊருக்குள் நுழையவே முடியாது.

நிறுத்தக்குறிக்கு வருவோம். ஓலைச்சுவடியில் நிறுத்தக்குறி கிடையாது. மெய்யெழுத்துக்குப் புள்ளிகூடப் பெரும்பாலும் வைக்கமாட்டார்கள். எழுத்தாணி முனை ஓலையைக் குத்திவிடும் என்று காரணம் சொல்வார்கள். எகரம் ஏகாரமும் ஒகரம் ஓகாரமும் வேறுபாடின்றிக் கிடக்கும். அவற்றுக்கு இன்றைய வடிவம் தந்தவராக 18ஆம் நூற்றாண்டின் வீரமாமுனிவரைச் சொல்கிறோம். துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலிருக்கும். சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. இப்படிப்பட்ட கட்டுகளிலிருந்துதான் உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். ஓரிடத்தில் சொல்லை எங்கே பிரிப்பது என்று பல நாள் யோசித்த மனிதர் அவர். பொருள் முழுக்க அந்தப் பிரிப்பில்தான் இருந்தது.

எழுத்து ஒன்றாகவும் பொருள் இரண்டாகவும் வரும் இத்தகைய இடங்களைத் தொல்காப்பியமே யோசித்திருக்கிறது. உரைகாரர்கள் காட்டும் எடுத்துக்காட்டு ‘செம்பொன்பதின்தொடி’. தொடி என்பது ஓர் எடை. செம்பொன், பதின்தொடி என்று பிரித்தால் பத்துத் தொடி தங்கம். செம்பு, ஒன்பதின்தொடி என்று பிரித்தால் ஒன்பது தொடிச் செம்பு. வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் வழக்கு வருவதற்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. சொல்லும்போது நிறுத்துகிற இடத்தால் பொருள் தெரியும் என்பது தொல்காப்பியத் தீர்வு. அந்த நிறுத்தம்தான் பின்னாளில் அச்சில் இடைவெளியாகவும் கால்புள்ளியாகவும் வந்தது. தமிழ் உரைநடையில் நிறுத்தக்குறிகளை நிலைநிறுத்தியவர்களில் ஆறுமுக நாவலரை முதலில் சொல்வது வழக்கம்.

வேடிக்கை என்னவென்றால், பொருளை உண்மையில் மாற்றுகிற சொற்பிரிப்பைப் பற்றி இன்று சண்டையே வருவதில்லை. ‘வந்துவிட்டான்’ என்பதும் ‘வந்து விட்டான்’ என்பதும் ஒன்றல்ல. முதலாமவன் வந்து சேர்ந்துவிட்டான், இரண்டாமவன் யாரையோ கொண்டுவந்து விட்டிருக்கிறான். பத்துப் பதிவில் ஆறில் இது குழம்பிக் கிடக்கிறது, கேட்பார் இல்லை. ஆனால் அந்தக் குறியின் பெயர் கால்புள்ளியா காற்புள்ளியா என்று கேட்டுவிட்டு ஒதுங்கிப் பாருங்கள், இரண்டு நாள் ஓடும்.

இதற்கு ஒரு விளக்கம் உண்டு. சிரில் நார்த்கோட் பார்க்கின்சன் என்ற ஆங்கிலேயர் 1950களில் சிங்கப்பூரில், அன்றைய மலாயா பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்தார். 1957இல் வந்த அவருடைய நூலில் ஒரு குழுக்கூட்டம் நடக்கிறது. அணு உலை கட்டும் திட்டம் சில நிமிடங்களில் நிறைவேறிவிடுகிறது, காரணம் அது பெரும்பாலோருக்குப் புரியவில்லை. அடுத்தது ஊழியர்களின் சைக்கிள் நிறுத்தும் கொட்டகை. கூரைக்கு என்ன தகடு போடலாம் என்று நெடுநேரம் விவாதிக்கிறார்கள். கொட்டகை எல்லோருக்கும் தெரியும் அல்லவா? ஒற்றும் நமக்கு அப்படியொரு கொட்டகை. ஆற்றுநீர்ப் பங்கீட்டைப் பற்றி ஒருவர் நான்கு பக்கம் எழுதினால், அதில் உள்ள கன அடிக் கணக்கைச் சரிபார்ப்பது பாடு. மூன்றாம் வரியில் ‘தண்ணீர் பிரச்சினை’ என்று இருப்பது உடனே தெரிகிறது. ‘ப்’ போடச் சொல்லிவிட்டால் விவாதத்தில் கலந்துகொண்டதாக ஆகிவிடும்.

ஆங்கிலத்தாருக்கும் இந்த நோய் உண்டு. 2003இல் லின் டிரஸ் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் நிறுத்தக்குறிகளைத் தப்பாகப் போடுபவர்கள்மேல் போர் தொடுத்து எழுதிய புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. கூலி கேட்ட ரஷ்ய அச்சுத் தொழிலாளர்களுக்குத்தான் அதைக் காணிக்கையாக்கியிருந்தார். மறு ஆண்டு நியூயார்க்கர் இதழில் மதிப்புரை எழுதிய லூயி மெனாண்ட், அந்தக் காணிக்கை வாசகத்திலேயே ஒரு கால்புள்ளி விட்டுப்போயிருப்பதைக் காட்டி அங்கிருந்து தொடங்கினார். பிறர் எழுத்தைத் திருத்தி எழுதினால் அந்தத் திருத்தத்திலேயே ஒரு பிழை இருக்கும் என்பதை 1992இல் ஜான் பேங்சண்ட் என்ற ஆஸ்திரேலியப் பதிப்பாசிரியர் ஒரு விதியாகவே எழுதிவைத்தார். மர்ஃபியின் விதியை எழுத்து மாற்றிப் போட்டு, வேண்டுமென்றே பிழையாக, ‘மஃப்ரியின் விதி’ என்று அதற்குப் பெயர். எனக்கு அது பல்லக்கு விதி.

2016இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜூலி போலண்ட், ராபின் குவீன் இருவரும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வீட்டைப் பகிர்ந்துகொள்ள ஆள் தேவை என்ற விளம்பரத்துக்கு வந்த பதில்கள் என்று சில மின்னஞ்சல்களை 83 பேருக்குப் படிக்கக் கொடுத்தார்கள். சிலவற்றில் தட்டச்சுப் பிழை, சிலவற்றில் இலக்கணப் பிழை. எழுதியவரோடு ஒரே வீட்டில் இருக்கலாமா என்று மதிப்பிட வேண்டும். பிறரோடு எளிதில் ஒத்துப்போகாத குணம் உள்ளவர்கள் இலக்கணப் பிழைக்குக் கடுமையாகக் குறைத்து மதிப்பிட்டார்கள். கலகலப்பாகப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் பிழையைக் கண்டும் காணாமல் போனார்கள். 83 பேரை வைத்து, அதுவும் ஆங்கிலத்தில் செய்தது. நம் ஒற்றுக்காரர்கள்மேல் அப்படியே சுமத்த முடியாது. ஆனாலும் நான் படித்ததும் என் மனைவியிடம் காட்டினேன். “இதுக்கு ஆராய்ச்சி வேற வேணுமா?” என்றாள்.

குற்றம் காண்பது தமிழில் பெரிய மரபு என்று இந்த இடத்தில் ஒருவர் நக்கீரரைக் கொண்டுவருவார். அவரைக் கூப்பிடுவதற்கு முன் 1965இல் வந்த திருவிளையாடல் படத்தின் அந்தக் காட்சியை இன்னொரு முறை பார்ப்பது நல்லது. நக்கீரராக நடித்தவர் படத்தின் இயக்குநர் ஏ.பி. நாகராஜனே. சொல்லிலா பொருளிலா குற்றம் என்று கேட்கப்படும்போது, சொல்லில் குற்றம் இல்லை, இருந்தாலும் மன்னிக்கலாம், பொருளில்தான் குற்றம் என்கிறார் அவர். சிவபெருமானின் நெற்றிக்கண்ணுக்கு எதிரில் நின்றது ஓர் ஒற்றுக்காக இல்லை. பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா என்ற, விவாதிக்கத்தக்க ஒரு செய்திக்காக. நம்மவர்கள் சொற்குற்றத்தை எடுத்துக்கொண்டு பொருட்குற்றத்தை மன்னித்துவிடுகிறார்கள்.

வில்லிபுத்தூரார் வாதில் தோற்ற புலவர்களின் காதைத் துறட்டால் அறுத்தார் என்றும், அருணகிரிநாதர் வந்து அதை நிறுத்தினார் என்றும் கதை. கதைதான். ஆனால் நிஜமாகவே நடந்த ஒரு சண்டை எனக்கு இதைவிடப் பிடிக்கும். 17ஆம் நூற்றாண்டில் திருவாரூர் வைத்தியநாத தேசிகர் ‘இலக்கண விளக்கம்’ செய்தார். குட்டித் தொல்காப்பியம் என்று பேர் எடுத்த நூல். அடுத்த நூற்றாண்டில் திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் அதை மறுத்து ‘இலக்கண விளக்கச் சூறாவளி’ எழுதினார். பெயரிலேயே காற்று அடிக்கிறது. அவர் அதோடு விடவில்லை. ‘எடுத்து’ என்ற ஒரே ஒரு சொல்லைக் காக்க ‘வைரக்குப்பாயம்’ என்று ஒரு நூல் எழுதினார். குப்பாயம் என்றால் சட்டை. சொல்லுக்கு வைரத்தில் கவசம்.

ஒரு சொல்லுக்கு ஒரு நூலா என்று சிரிக்கலாம். நானும் சிரித்தேன். ஆனால் முனிவர் என்ன செய்தார் என்று பாருங்கள். எந்தச் சூத்திரத்தில் என்ன பிழை, ஏன் பிழை, சரியானது எது, அதற்கு ஆதாரம் என்ன என்று முழுதாக எழுதி, தன் பெயரில் வைத்தார். எதிர்த் தரப்பு அதே அளவில் பதில் எழுதலாம். அவருடைய மறுப்பைப் படித்தவர்களுக்கு இலக்கணம் கூடுதலாகத் தெரிந்தது. அந்தக் காலத்தில் ஒருவரைப் பிழைகாரர் என்று சொல்ல ஓர் ஓலைக்கட்டு எழுத வேண்டியிருந்தது. இன்று “முதலில் தமிழைக் கற்றுக்கொண்டு வாருங்கள்” என்று ஒரு வரி போதும். எதைக் கற்க, எங்கே கற்க என்று அந்த வரியில் இருக்காது.

அந்த வரி யார்மேல் விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நாம் எழுதுகிற தமிழ் யாருக்கும் வீட்டு மொழி இல்லை. பேசுவது வேறு, எழுதுவது வேறு. எழுத்துத் தமிழை எல்லோரும் பள்ளியில் போய்த்தான் கற்கிறோம். தமிழாசிரியர் வீட்டில் பிறந்தவருக்கும், வீட்டிலேயே முதன்முதலாகப் பள்ளிக்குப் போனவருக்கும், ஆங்கிலவழியில் படித்து நாற்பது வயதில் ஆசையோடு தமிழில் எழுத வந்தவருக்கும் ஒற்று ஒரே தூரத்தில் இல்லை. நன்றாகப் பேசத் தெரிந்த பலர் நான்கு வரி எழுதப் பயப்படுவதைப் பார்த்திருக்கிறேன். என் உறவில் ஓர் அத்தை, குடும்பக் குழுவில் பதில் எழுதுவதையே விட்டுவிட்டுக் குரல்பதிவு அனுப்புகிறார். “எழுதினா நீ சிரிப்பே” என்று என்னிடமே சொன்னார். நான் ஒரே ஒரு முறைதான் திருத்தியிருந்தேன்.

இலக்கணம் தன் காவலர்கள் அளவுக்குக் கடுமையானது இல்லை. வழு என்று ஒன்றைச் சொல்லிவிட்டு, உடனே வழுவமைதி என்று ஒரு பிரிவையும் அது வைத்திருக்கிறது. தவறுதான், ஆனாலும் காரணம் இருப்பதால் ஏற்கத்தக்கது. பசுவைத் தடவிக்கொடுத்து “என் அம்மா வந்தாள்” என்கிறான் ஒருவன். அஃறிணையை உயர்திணையாகச் சொல்வது திணைவழு. மகிழ்ச்சியில் சொன்னதால் வழுவமைதி. உவகை, உயர்வு, சினம், இழிவு என்று மனிதனுக்குள் நடப்பதையெல்லாம் காரணமாக ஏற்றுக்கொண்ட இலக்கணம் இது. பந்தலைப் பந்தர் என்றால் போலி என்று ஏற்றது. சிதைந்த சொல்லை மரூஉ என்று பெயர் வைத்துச் சேர்த்துக்கொண்டது. பழையது கழிவதும் புதியது புகுவதும் குற்றமில்லை என்று நன்னூலிலேயே எழுதிவிட்டார்கள். மகிழ்ச்சிக்கு இடம் கொடுத்த இலக்கணம் துக்கத்துக்குக் கொடுக்காதா?

எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்று நான் சொல்லவரவில்லை. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், மிகைநேர ஊதியம் யார்யாருக்குக் கிடையாது என்று சொன்ன சட்டப் பட்டியலில் ஒரு கால்புள்ளி இல்லை. அது இல்லாததால், பொருளை விநியோகிப்பதும் விலக்கில் சேருமா சேராதா என்று தெளிவில்லை. பால் நிறுவனம் ஒன்றின் வண்டி ஓட்டுநர்கள் வழக்குப் போட்டார்கள். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் சொன்னது. 2018இல் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. அரசாணையிலும் கிரயப் பத்திரத்திலும் மருந்துச் சீட்டிலும் பாடப்புத்தகத்திலும் ஓர் இடைவெளி தவறினாலும் விடக் கூடாது. பாடப்புத்தகத்தில் ‘இயற்க்கை’ வந்தால் நான் தெருவில் இறங்கவும் தயார். எழுதிச் சம்பளம் வாங்குகிறவர்கள், என்னையும் சேர்த்து, பிழைக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். மற்றவர்களைத் திருத்தியே ஆக வேண்டுமென்றால் தனியாகச் சொல்லலாம், காரணத்தோடு சொல்லலாம். அச்சகத்தில் என் சிவப்பு மையை மூன்று பேர்தான் பார்த்தார்கள்: எழுதியவர், கம்பாசிட்டர், நான்.

அந்தச் சாவுச் செய்தியைக் கொஞ்ச நாள் கழித்துப் போய்ப் பார்த்தேன். எழுதியவர் எழுத்தைத் திருத்திவிட்டிருந்தார். “அப்பா இன்று அதிகாலை இயற்கை எய்தினார்” என்று சரியாக இருக்கிறது. அதன் கீழே முதல் மறுமொழியாக “இயற்கை” என்ற ஒற்றைச் சொல் அப்படியே நிற்கிறது. புதிதாகப் படிப்பவருக்கு அது எதற்கு என்று விளங்காது.